சாவில்லாத நாட்டின் கிராணி

“நான் உண்டாக்கப்போற நாட்டுல சாவே கிடையாது. வயசானவன் சாவமாட்டான், வெட்டுப்பட்டவன் சாவமாட்டான், கடல்ல விழுந்தவனும் சாவமாட்டான். எவன் வந்து கேட்டாலும் சரி, கவர்னர் துரையே வந்து கேட்டாலும் சரி, ஒரு உசிரைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன்லா!”

1927ஆம் ஆண்டு தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், பினாங்கு வெல்ட் கீ துறைமுகத்துக்குப் பின்னாலிருந்த காப்பிக்கடையில் சின்னையா கிராணி இப்படி அறிவித்தார். உலகத்தைப் படைத்தவர்கள் யாரும் அதுவரை இப்படியொரு வாக்குக் கொடுத்ததில்லை. ஆகவே கடையிலிருந்த பதினொரு பேரும் காப்பி குடிப்பதைச் சற்று நிறுத்தினார்கள். பிறகு குடித்தார்கள்.

சின்னையாவுக்கு அப்போது வயது நாற்பத்தொன்று. நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. கிராணி என்றால் கணக்குப்பிள்ளை; வேலை, எண்ணுவது. நடுக்கடலில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து சரக்கை இறக்கிக் கரைக்குக் கொண்டுவரும் பெரிய படகுகளுக்குத் தொங்காங் என்று பெயர். தொங்காங்கிலிருந்து மூட்டைகள் கிடங்குக்குப் போகும்போது கிராணி வழியில் நிற்பார். மூட்டைக்கு ஒரு கோடு கிழிப்பார். நான்கு கோட்டுக்கு மேல் ஐந்தாவதைக் குறுக்கே போடுவார். கண்ணால் காணாத மூட்டைக்குக் கோடு கிடையாது. கிடங்கு முதலாளி சத்தியம் செய்தாலும் கிடையாது.

1918ஆம் வருஷத்துக் காய்ச்சலில் மனைவியையும் இரண்டு வயது மகளையும் ஒரே வாரத்தில் பறிகொடுத்தவர் அவர். அதைப்பற்றி யாரிடமும் பேசியதில்லை. காப்பிக்கடையில் சாவில்லாத நாட்டைப்பற்றித் தர்க்கம் செய்தவர்களில் ஒருவருக்கும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. அவர்களைக் குறைசொல்ல முடியாது. காப்பி சூடாக இருந்தது.

நாட்டுக்கு இடம் கொடுத்தவர் அப்துல் காதர் ராவுத்தர். சூலியாத் தெருவில் அச்சுக்கூடம் வைத்து, ‘துறைமுகத் தபால்’ என்ற வாரப் பத்திரிகையைச் சனிக்கிழமைதோறும் நடத்திவந்தார். அதில் கப்பல் வரவு, கப்பல் புறப்பாடு, ரப்பர் விலை ஆகிய மூன்றும் நிரந்தரம். மற்றதெல்லாம் இடமிருந்தால்தான்.

“கிராணியாரே, நாடு படைக்கிறது உம்ம இஷ்டம்” என்றார் ராவுத்தர். “வாரத்துக்கு ஒண்ணரைப் பத்தி தாரேன். அதுக்கு மேல ஒரு தென்னமரம்கூட நடக்கூடாது. கப்பல் வரவுக்கும் ரப்பர் விலைக்கும் நடுவுல ஒட்டிப் போட்டுடுவேன்.”

“தலைப்பு?”

“தலைப்புக்குப் பெரிய எழுத்து வேணும். எங்கிட்ட இருக்கிற பெரிய எழுத்தெல்லாம் கல்யாணப் பத்திரிகைக்குப் போயிருக்கு. சின்னதாப் போட்டுக்கலாம்.”

நாட்டுக்கு ‘ஏழாம் நீர்’ என்று பெயர். ஆறு கடல் தாண்டி இருப்பது. கதை எழுதுகிற மற்றவர்கள் என்றால் அன்று மாலையே உட்கார்ந்து, மனம்போன போக்கில் ஒரு மலையும் மூன்று ராட்சசரும் செய்து முடித்திருப்பார்கள். சின்னையா அப்படிப்பட்டவர் அல்லர். பொய்யாகவே இருந்தாலும் அதற்குச் சாட்சி வேண்டும் என்பது அவர் கட்சி. மூட்டை எண்ணும் புத்தகத்தில் ஒன்றை இதற்கென்று ஒதுக்கி, கடலையும் சாவையும் பற்றித் துறைமுகத்து ஜனங்கள் என்னென்ன சொல்லிக்கொள்கிறார்கள் என்று விசாரிக்கப் புறப்பட்டார். ஒரு சங்கதியை ஒருவர் சொன்னால் ஒரு கோடு. மூன்று ஜாதி ஜனம் சொல்லி மூன்று கோடு விழுந்தால்தான் ஏழாம் நீருக்குள் அனுமதி.

துறைமுக வாசலில் சோறு விற்ற மலாய்ப் பெண்மணி சித்தி ஹாஜராவிடம் முதலில் போனார்.

“ஓராங் புனியான்னு ஒரு ஜனம் இருக்குலா, அண்ணே” என்றார் அவர், கறியை அகப்பையால் கலக்கிக்கொண்டே. “காட்டுக்குள்ள, தீவுக்குள்ள ஊர் வச்சிருப்பாங்க. நம்ம கண்ணுக்குத் தெரியாது. வழிதவறிப் போனவனைக் கூட்டிட்டுப் போய்ச் சோறு போட்டு வச்சுக்குவாங்க. அங்க போனா வயசே ஏறாது.”

“பார்த்தா எப்படி அடையாளம் தெரியும்?”

“மூக்குக்குக் கீழ பள்ளம் இருக்காது. வழவழன்னு இருக்கும். நீங்க மீசையை எடுங்க, உங்களைப் பார்ப்போம்.”

சின்னையா மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு ஒரு கோடு கிழித்தார்.

தொங்காங் ஓட்டும் சீனக் கிழவர் ஒருவர், கடலில் மூழ்கினவன் அந்தத் தண்ணீரைவிட்டுப் போகவே முடியாது, அங்கேயேதான் இருப்பான், அதனால் சீனர்களின் பேய் மாதமான ஏழாம் மாதத்தில் அவனுக்கும் சேர்த்துச் சோறு படைக்க வேண்டும் என்றார். இன்னொரு கோடு.

குயீன் தெருவில் பால் ஊற்றும் நல்லம்மாள், சாவு எப்படி வந்தது என்ற கதையையே தூக்கிக் கொடுத்துவிட்டாள். பழுத்த கனி மட்டும் உதிரட்டும் என்று பறையடிக்கச் சொல்லித்தான் எமன் ஆளனுப்பினானாம். அவன் வழியில் கள்ளைக் குடித்துவிட்டு, ‘பூ உதிர, பிஞ்சு உதிர, காய் உதிர, கனி உதிர’ என்று அடித்துவிட்டுப் போனானாம்.

இந்த இடத்தில்தான் சின்னையாவின் மேதை வெளிப்பட்டது. கதை ஆயிரம் பேர் கேட்டதுதான். ஆனால் துறைமுகத்துக் கிராணி ஒருவருக்கு மட்டுமே ஒரு கேள்வி தோன்றும்: அந்தப் பறைக்காரன் அக்கரைச் சீமைகளுக்கு எப்படிப் போனான்? கப்பலில்தான் போயிருக்க வேண்டும். ஏழாம் நீருக்குப் போன கப்பல் வழியில் மூழ்கிவிட்டது. உத்தரவு கரையிறங்கவில்லை. கரையிறங்காத சரக்குக்குக் கோடு கிடையாது. ஆகவே அந்த நாட்டில் சாவு அமலில் இல்லை. இதைக் கண்டுபிடித்த மத்தியானம் அவர் எண்ணிக்கையில் நான்கு மூட்டைச் சர்க்கரை குறைந்தது. வேலைக்கு வந்த நாளிலிருந்து அதுதான் முதல் தவறு.

கடைசியாக அவர் போனது வடிவம்மாளிடம்.

வடிவம்மாள் துறைமுக வாசலில் கூடை வைத்து வெற்றிலை விற்றவள். அவள் புருஷன் பழனியப்பன் தொங்காங்கில் வேலை பார்த்தவன். முந்தின ஆவணியில் சுமத்ராக் காற்று என்கிற பேய்க்காற்று விடியற்காலையில் வந்து அடித்தபோது அவனுடைய தொங்காங் கவிழ்ந்தது. மற்ற நான்கு பேரும் எதிர்க்கரையில் பிறை என்ற ஊர்ப் பக்கம் கரையொதுங்கினார்கள், இரண்டு பேர் உயிரோடு. பழனியப்பன் எப்படியும் வரவில்லை. உடம்பு கிடைக்காததால் கருமாதி நடக்கவில்லை. தாலியும் பொட்டும் அப்படியே இருந்தன.

“கடல்ல போனவங்களைப்பத்தி ஜனங்க என்ன நினைக்கிறாங்கன்னு விசாரிக்கிறேன், தாயி” என்றார் சின்னையா. “உன் வீட்டுக்காரர் எப்படி இருப்பார்? ஏதாச்சும் அடையாளம்?”

வடிவம்மாள் கூடையைத் தள்ளிவைத்தாள். ஆறு மாதமாக அவளிடம் யாரும் கேட்காத கேள்வி அது.

“இடது மணிக்கட்டுல தீக்காயம்ணே. தார் காய்ச்சையில தெறிச்சது, பிறைநிலா மாதிரி இருக்கும். பச்சைத் தலைப்பா. சாப்பிட உக்காந்தா முதல் கவளத்தைப் பூனைக்குத்தான் வைப்பாரு. பூனை இல்லாட்டி தேடிட்டுப் போவாரு.” பென்சில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “எல்லாத்தையும் எழுதிட்டீங்களா?”

“எழுதிட்டேன்.”

“அச்சுல வருமாண்ணே?”

“கண்டிப்பா வரும்.”

அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் துறைமுகத்துக் கிராணி, துறைமுகத்துப் புத்தகத்தில், காணாமற்போனவனின் அங்க அடையாளங்களை எழுதிக்கொண்டு, அச்சில் வரும் என்றும் சொன்னால், வெற்றிலை விற்கும் ஒருத்தி அதை என்னவென்று எடுத்துக்கொள்வாள்? இதைப்பற்றிச் சின்னையா யோசிக்கவில்லை. ஏழாம் நீரில் முதன்முதலாகக் கரையேறும் மனிதனுக்கு ஒரு முகம் தேடிக்கொண்டிருந்தார். கிடைத்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் மூன்று சாட்சி விதியைக்கூட அன்றைக்குத் தளர்த்தினார்.

சித்திரையில் தொடர் ஆரம்பித்தது. நிபோங் திபால் ரப்பர்த் தோட்டங்கள்வரைக்கும் பத்திரிகை போயிற்று. காப்பிக்கடையில் அதை வாசித்தவர் முனுசாமி. தொங்காங்குகளுக்குத் தார் பூசுகிறவர். கிராணியை விட்டால் கடையில் எழுத்துத் தெரிந்த ஒரே ஆள். வாசிப்புக்குக் கூலி ஒரு காப்பி. அவர் வாசிப்பில் ஏற்றம் கிடையாது, இறக்கம் கிடையாது, நிறுத்தமும் கிடையாது. மேலிருந்து கீழே ஒரே மூச்சு. சின்ன எழுத்துத் தலைப்புகளை மரியாதையில்லாமல் தாண்டிப் போய்விடுவார்.

ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவர் வாசித்தது இது:

“நாகப்பட்டினம் கப்பல் திங்கட்கிழமை காலை வரும் ரங்கூன் அரிசி செவ்வாய்க்கிழமை இறங்கும் பச்சைத் தலைப்பாகைக்காரன் ஒருவன் முக்கா ஹெட் முனை தாண்டி மேற்கே இரண்டு நாள் தூரத்தில் கரையேறினான் இடது மணிக்கட்டில் பிறைபோல் தீக்காயம் ஊரார் சோறிட்டார்கள் முதல் கவளத்தைப் பூனைக்கு வைத்தான் தன் மனைவியைப்பற்றி விசாரித்தான் ரப்பர் விலை சற்றே இறக்கம்.”

வாசலில் வெற்றிலைக் கூடையோடு நின்றிருந்த வடிவம்மாள், இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள். முனுசாமி மறுபடியும் நாகப்பட்டினம் கப்பலிலிருந்து ஆரம்பித்தார்.

ஆடிக் கடைசியில்தான் சின்னையாவுக்கு விஷயம் தெரிந்தது. கிடங்கு வாசலுக்கு வடிவம்மாளே வந்தாள். காதில் தோடு இல்லை.

“சம்பான் படகு பேசியாச்சுண்ணே. தோட்டைக் குடுத்துட்டேன். ஆவணி மொத ஞாயித்துக்கெழமை கிளம்புறோம். முக்கா ஹெட் தாண்டி நேர் மேற்கேதான, கொஞ்சம் வடக்கே திரும்பணுமா?”

சின்னையாவின் பென்சில் நின்றது. மூட்டைகள் எண்ணாமலே உள்ளே போயின.

“அங்க ஒண்ணும் இல்ல, தாயி. அது கதை. நானா எழுதினது.”

“நீங்கதான எழுதினீங்க, தெரியும். அதான் உங்ககிட்டயே கேக்க வந்தேன்.”

“இல்ல, பொய். இட்டுக்கட்டினது. வெறும் கற்பனை.”

வடிவம்மாள் சிரித்தாள். “தீக்காயம் பொய்யா? பூனை பொய்யா? நான்தான சொன்னேன்! போனவங்களைக் கூட்டிட்டுப் போய்ச் சோறு போட்டு வச்சுக்குவாங்கன்னு ஹாஜரா அக்காவும் சொல்லுது. மூழ்கினவன் எங்கயும் போகலேன்னு அந்தச் சீனத்துத் தாத்தாவும் சொல்றாரு. அவங்களையும் நீங்கதான் இட்டுக்கட்டினீங்களாக்கும்?”

சின்னையா கையிலிருந்த புத்தகத்தை மூடினார். ஒவ்வொரு கல்லுக்கும் சாட்சி வைத்துக் கட்டிய நாடு அது. கட்டியவரே வந்து இடிக்கப் பார்த்தால் சாட்சிகள் விடுவார்களா?

“ஆவணியில காத்து மோசம். போன ஆவணி மறந்துபோச்சா?”

“அவரு அந்தக் காத்துலதான போனாரு. வழி அதுவா இருந்தா அதுலயே போறேன்.” அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

சம்பான்காரரைப் போய்ப் பார்த்தார். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, “நான் முடியாதுன்னா அந்தப் பொம்பள வேற சம்பான் பிடிக்கும். நானாச்சும் மேகத்தைப் பார்த்துத் திரும்புவேன்” என்றார். அவர் பார்த்த திசையில் மேகம் ஏற்கெனவே இருந்தது.

அடுத்து ராவுத்தரிடம் ஓடினார். ‘மேற்படி சரித்திரம் முழுவதும் கற்பனையே. யாரும் நம்ப வேண்டாம்’ என்று ஓர் அறிவிப்புப் போட வேண்டும். ராவுத்தர் மறுக்கவில்லை. இடம்தான் இல்லை. பத்தி முடிந்த இடத்தில், ரப்பர் விலைக்கு அடியில் இரண்டு வரி காலியாக இருந்தது, அங்கே ஒரு சொல்லைக் குறைத்துப் போட்டார். சனிக்கிழமை முனுசாமி வாசித்தார்:

“ரப்பர் விலை ராத்தலுக்கு இன்னும் இறக்கம் மேற்படி முழுவதும் கற்பனையே யாரும் நம்ப வேண்டாம்.”

கடை முழுவதும் கைதட்டியது. “இப்பத்தான்லா ஒருத்தன் உள்ளதைச் சொல்லியிருக்கான்!” என்று தோட்டத்திலிருந்து வந்த ஒருவர் மேசையில் அடித்தார். ரப்பர் விலையை அதற்குமுன் அத்தனை துணிச்சலாக யாரும் கண்டித்ததில்லை. வடிவம்மாள் அன்று கூடையிலிருந்து அரிசிமாவு உருண்டை இரண்டை எடுத்துச் சின்னையாவிடம் காட்டினாள். வழிக்குச் செய்ததாம், அவனுக்குப் பிடிக்குமாம்.

இன்னும் ஒரே ஒரு சனிக்கிழமை இருந்தது.

அந்த வாரம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், கிடங்கு மேசையில், சின்னையா ஏழாம் நீரின் பத்தொன்பதாம் பகுதியை எழுத உட்கார்ந்தார். முதலில் தீவையே கடலில் மூழ்கடித்துப் பார்த்தார். மூழ்கினாலும் அங்கே யாரும் சாகமாட்டார்களே என்று நினைவு வந்து அடித்தார். எமனுடைய பறைக்காரனை நீந்தவைத்துக் கரையேற்றலாமா என்று யோசித்தார். உத்தரவு வந்துவிட்டால் எல்லோருக்கும் வந்ததுதான்; குழந்தைகள்கூட இருந்தார்கள் அந்த நாட்டில். அதையும் அடித்தார். மூன்றாம் நாள் ஒரே ஒரு வரி எழுதினார். அதற்குச் சாட்சி தேடவில்லை. அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை.

ராவுத்தர் தாளை வாங்கி விளக்கைத் தூண்டிவிட்டுப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

“கிராணியாரே, சாவில்லாத நாடுன்னுதான தோட்டத்து ஜனமெல்லாம் காசு கட்டி வாங்குது?”

“ஆமா.”

“இனிமே வாங்கமாட்டாங்க.”

“ஆமா.”

“மிச்சமிருக்கிற பத்தியை என்னத்தைப் போட்டு நிரப்ப?”

“ராவுத்தரே, ஒரு பொம்பள ஞாயித்துக்கெழமை கடலுக்குப் போறா.”

ராவுத்தர் விளக்கை எழுத்துப்பெட்டிப் பக்கம் நகர்த்தினார். அச்சுக் கோக்கும் ஆளை அனுப்பிவிட்டுத் தாமே உட்கார்ந்து எழுத்துக் கோத்தார். அந்த ஒரு வரிக்கு மேலும் கீழும் நிறைய வெற்றிடம் விட்டார். ‘துறைமுகத் தபா’லின் ஆயுளில் இடம் மிஞ்சியது அந்த ஒரு முறைதான்.

சனிக்கிழமை. காப்பிக்கடை. முனுசாமி கப்பல் வரவை முடித்தார். புறப்பாட்டை முடித்தார். பிறகு, வாசிக்க வந்த இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, நின்றார். அவர் கண்ணுக்கு முன்னால் வெள்ளையாக இருந்தது. அதன் நடுவில் ஒரு வரி. தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தார். வடிவம்மாள் கூடையில்லாமல் நின்றிருந்தாள்.

“படிங்கண்ணே” என்றாள்.

“பச்சைத் தலைப்பாகைக்காரன் இறந்துபோனான்” என்று வாசித்தார் முனுசாமி.

ரப்பர் விலையை அவர் வாசிக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. கடை முதலாளியான சீனத் தோக்கே அடுப்பின்மேல் கொதித்த தண்ணீரை இறக்கிவைத்தார்.

வடிவம்மாள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. கேள்விதான் கேட்டாள்.

“என்னைக்குண்ணே? திதி போட்டிருக்கா?”

முனுசாமி தாளைத் திருப்பினார். பின்பக்கம் கல்யாண விளம்பரம். முன்பக்கம் மீண்டும் அந்த வெள்ளை. “போடலையே, வடிவு.”

“திதி இல்லாம எப்படி? எதை வச்சு நான் செய்யறது?”

சின்னையா மூலை மேசையிலிருந்து எழுந்து வந்தார். அவர் நினைத்திருந்தால் எந்தத் திதியையும் சொல்லியிருக்கலாம். போன வாரத்துப் பௌர்ணமியைச் சொல்லியிருந்தால், பழனியப்பன் ஓராண்டு நிழலில் உட்கார்ந்து, சோறு தின்று, பூனைக்கும் வைத்துவிட்டு நிம்மதியாகப் போயிருப்பான். அந்த நாட்டில் அதற்கெல்லாம் அவருக்கு அதிகாரம் இருந்தது.

“ஆவணி. தேய்பிறை. சப்தமி” என்றார்.

வடிவம்மாள் விரல்விட்டு எண்ணினாள். எண்ணிக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது.

“அது காத்தடிச்ச அன்னைக்கு.”

“ஆமா, தாயி.”

“அன்னைக்கேயா?”

“அன்னைக்கே.”

“அப்ப அந்தத் தீவு… அந்தச் சோறு…”

சின்னையா இல்லை என்று தலையசைத்தார். முனுசாமி தாளை மடித்தார், பிறகு விரித்தார், பிறகு மேசைமேல் வைத்தார்.

வடிவம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மேசைமேலிருந்த பத்திரிகையை எடுத்து, அந்த வெள்ளை இடத்தைச் சின்னையாவின் பக்கம் நீட்டினாள்.

“எனக்கு ஞாபகம் நிக்காதுண்ணே. எழுதிக் குடுங்க. தர்ப்பையில உருவம் செஞ்சு கொள்ளி வைக்கணும்னா பூசாரி நாள் கேப்பாரு.”

சின்னையா காதிலிருந்து பென்சிலை எடுத்தார். மாதத்தை எழுதினார், பட்சத்தை எழுதினார், திதியை எழுதினார். அதற்குக் கீழே பழனியப்பன் என்று எழுதி, ஒரு கோடு கிழித்தார்.